கம்ப்யூட்டர் கேள்வி பதில்: 320 வெள்ளி போட்டு ரிப்பேர் பண்ணலாமா?

கேள்வி: அண்ணே, எங்க வீட்டு லேப்டாப் 2015ல வாங்குனது. ஆன் பண்ணிட்டு டீ போட்டு குடிச்சு முடிச்சாதான் ஸ்க்ரீனே வருது, சார்ஜரை புடுங்குனா உடனே ஆஃப் ஆயிடுது. ஸ்டிக்கர்ல ஐ5-5200யு, உள்ள ஹார்ட் டிஸ்க், ராம் (மெமரி) 4 ஜிபி. கடையில ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா எஸ்எஸ்டிங்கற வேகமான டிஸ்க், ராம், பேட்டரி மூணும் மாத்த 320 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும்னாங்க. வீட்டுக்காரர் புதுசே வாங்கிடலாம்ங்கறாரு. பையன் பிரைமரி 6, ஸ்கூலோட ஆன்லைன் பாடத் தளமான எஸ்எல்எஸ் ஹோம்வொர்க் இதுலதான், பேங்க் வேலையும், அரசாங்க சேவைக்கு லாகின் பண்ற சிங்பாஸ் வேலையும் இதுலதான். எதுண்ணே சரி?
வாசகி, தெம்பனிஸ்

பதில்: ஸ்டிக்கர் நம்பரை எழுதுனீங்க பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. 5200ல முதல்ல வர்ற 5 இருக்குல்ல, இன்டெல் ப்ராசசரோட அஞ்சாவது ஜெனரேஷன்னு அர்த்தம். விண்டோஸ் 11 பொதுவா எட்டாவது ஜெனரேஷனுக்கு கீழ உள்ளதை சேத்துக்காது, விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, பதிவு பண்ணிக்கிட்டா கூடுதலா செக்யூரிட்டி அப்டேட் வரும், ஆனா அதுவும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்னுதான் அறிவிச்சாங்க. அதனால 320 வெள்ளி கொட்டி மூணையும் மாத்துனாலும் மெஷின் வேகமா ஓடுமே தவிர, அதே பழைய விண்டோஸ்ல பேங்க் வேலை பாக்கற பயம் போகாது. கடைக்காரர் மேல தப்பில்ல, நீங்க கேட்ட வேலைக்கு அவர் விலை சொன்னாரு, அவ்வளவுதான்.

அதுக்காக புதுசு வாங்கவும் ஓடாதீங்க. பையன் அடுத்த வருஷம் செகண்டரி 1, அங்க எல்லா பிள்ளைங்களுக்கும் ஸ்கூல் மூலமாவே பிஎல்டிங்கற படிப்புக்கான லேப்டாப்போ டேப்லெட்டோ கிடைக்கும், எந்த மாடல்னு ஸ்கூலே சொல்லிடும், சிங்கப்பூர் பிள்ளைன்னா அரசாங்கம் படிப்புக்காக போடற எடுசேவ் காசுலேர்ந்தே கட்டலாம். இப்ப அவனுக்காக ஒண்ணு வாங்குனா அடுத்த வருஷம் வீட்ல ரெண்டு நிக்கும்.

எஸ்எஸ்டி மட்டும் மாத்துங்க. டீ குடிக்கற நேரம் ஆகுதுன்னா அது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் கோளாறு. எஸ்எஸ்டிக்கு போடற காசு வீணாகாது, நாளைக்கு லேப்டாப் மொத்தமா படுத்துட்டா கழட்டி ஒரு யூஎஸ்பி கேசிங்ல போட்டு வெளி டிஸ்க்கா வெச்சுக்கலாம். ராம் அப்படி இல்ல, உங்க மெஷினுக்கு டிடிஆர்3எல்தான் சேரும், இப்ப வர்ற லேப்டாப் எதுலயும் அதை போட முடியாது. புது எஸ்எஸ்டில விண்டோஸுக்கு பதிலா குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ், இல்லாட்டி லினக்ஸ் மிண்ட்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் ஏத்திக்குங்க, ரெண்டுமே இலவசம், 4 ஜிபில ஃப்ளெக்ஸ் சமாளிச்சுக்கும். எஸ்எல்எஸ், பேங்க், சிங்பாஸ் எல்லாமே பிரவுசர்ல நடக்கறதுதானே. முதல்ல தம்ப் டிரைவ்லேர்ந்தே ஓட்டிப் பாத்து வைஃபையும் கேமராவும் வேலை செய்யுதான்னு உறுதி பண்ணிக்குங்க. கழட்டுன ஹார்ட் டிஸ்க்கை தூக்கிப் போட்றாதீங்க, பழைய ஃபோட்டோவெல்லாம் அதுலதான இருக்கும்.

பேட்டரிதான் எனக்கு உறுத்துது. லேப்டாப்பை சமதளமான மேசைல வெச்சு ஆடுதான்னு பாருங்க, கீபோர்டுக்கு கீழ உள்ள டச் பேட் ஓரம் மேல தூக்கிட்டு நிக்குதான்னு விரலால தடவிப் பாருங்க. ரெண்டுல எது இருந்தாலும் பேட்டரி உப்பியிருக்கலாம், சார்ஜ் போடறதை அன்னிக்கே நிறுத்திட்டு கடையில குடுத்து கழட்டிடுங்க. வீட்டு குப்பைக் குழாய்ல (ஷூட்) மட்டும் போட்டுடாதீங்க, லித்தியம் நசுங்குனா தீப்பிடிக்கும், மால்கள்ல மின்கழிவு தொட்டி வெச்சிருக்காங்க, ஆனா உப்புனதை அதுல போடலாமான்னு தொட்டி மேல எழுதியிருக்கறதை படிச்சுட்டுதான் போடணும். உப்பலைன்னா அப்படியே விடுங்க, எப்பவும் சார்ஜர்லயே ஓட்டுங்க, வீட்டுக்குள்ளதான இருக்கு.

வீட்டுக்காரருக்கு எக்செல், ஆபீஸ் வேலைன்னு விண்டோஸேதான் வேணும்னா கதை வேற. அப்ப எஸ்எஸ்டி கூட வேணாம், எட்டாவது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ உள்ள செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒண்ணு பாருங்க, கம்பெனிகள் கழிச்சுக் கட்டுற திங்க்பேட், லேட்டிட்யூட் மாதிரி. கம்ப்யூட்டர் கடைங்க இருக்கற சிம் லிம் ஸ்குவேர் பக்கம் போனா மூணு நாலு கடையாவது ஏறி இறங்கி விலை கேளுங்க. கடையில வாங்குன பழைய பொருளுக்கும் இங்க லெமன் லாங்கற கோளாறு பொருள் சட்டம் உண்டு, ஆறு மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா ரிப்பேர் பண்ணியோ மாத்தியோ தரச் சொல்லி கேக்க வழியிருக்கு, ரசீதை பத்திரமா வெச்சுக்குங்க.