நம் கையில் இருப்பது, இல்லாதது என்று பிரித்துப் பார்ப்பது நிஜமாகவே உதவுமா?

உதவும். ஆனால் வெறும் இரண்டாகப் பிரித்தால் பாதி வழியில் நின்றுவிடும்.

இதை அழுத்தமாகச் சொன்னவர் எபிக்டெட்டஸ். ரோமில் அடிமையாக இருந்து, விடுதலை பெற்று, தத்துவ ஆசிரியரானவர். நம் கருத்தும் விருப்பமும் நம்முடையவை. உடல், சொத்து, பெயர், பதவி நம்முடையவை அல்ல என்றார். உடலையும் அந்தப் பக்கம் சேர்த்தது எனக்கு நெடுநாள் உறுத்தியது. தினமும் நடக்கிறோம், நேரத்துக்குத் தூங்குகிறோம், அதற்குப் பலன் இருக்கத்தானே செய்கிறது?

விடை அவர் சார்ந்த ஸ்டோயிக் என்னும் பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவ மரபிலேயே, ஒரு வில்லாளி உவமையில் இருக்கிறது. குறிபார்த்துச் சரியாக எய்வதுதான் வில்லாளியின் வேலை. அம்பு கையைவிட்டுப் போனபின் காற்று வீசலாம், இலக்கு நகரலாம். அதனால் எதை வெற்றி என்கிறோம் என்பதையே மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

நேர்முகத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 'வேலை கிடைத்தே ஆக வேண்டும்' என்று போவதற்குப் பதில், 'கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன், தெரியாததைத் தெரியாது என்பேன்' என்று முடிவுசெய்து போங்கள். எனக்கு இதில் பதற்றம் நன்றாகவே குறைகிறது. வேலை கிடைக்க வேண்டுமென்ற ஆசை போகாது, போகவும் வேண்டாம்.

அநியாயத்தைக் கண்டும் 'என் கையில் என்ன இருக்கிறது' என்று ஒதுங்குவதற்கு இதைச் சாக்காக்குவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தட்டிக்கேட்பதும் முயற்சியில்தான் சேரும்.