ரௌட்டரை மாற்றுவதற்கு முன்னால்...

கேள்வி: மகனுடைய பிளேஸ்டேஷன் 5 படுக்கையறையில் இருக்கிறது, ரௌட்டர் கூடத்தில். வைஃபை வழியாக மற்றவர்களோடு விளையாடினால் ஆட்டம் அடிக்கடி திணறுகிறது. எங்கள் இணைப்பின் வேகம் 100 எம்பிபிஎஸ். விளையாட்டுக்கென்றே தயாரித்த ரௌட்டரை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். இணைய நிறுவனமோ 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. ரௌட்டருடன் பெரும்பாலும் ஒரு சின்ன லேன் கேபிள் வந்திருக்கும். ஒரு நாள் மாலை விளையாட்டுக் கருவியைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, அந்தக் கேபிளில் இணைத்து விளையாடச் சொல்லுங்கள். திணறல் நின்றுவிட்டால் குற்றவாளி வைஃபைதான். நிற்காவிட்டால் இணைய நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். எந்த ரௌட்டரும் அதைச் சரிசெய்யாது.

ஆட்டத்தின்போது போய்வரும் தரவு மிகக் கொஞ்சம். சில எம்பிபிஎஸ் தாராளம். பொத்தானை அழுத்திய செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், அதாவது 'பிங்', சீராக இருப்பதுதான் முக்கியம். சுவர்களைத் தாண்டிவரும் வைஃபையில் அது ஏறி இறங்கும். 300 எம்பிபிஎஸ் கைகொடுப்பது பதிவிறக்கத்துக்கு: 100 ஜிபி விளையாட்டு இப்போது இறங்க இரண்டேகால் மணி நேரம் ஆகும் என்றால், அதில் முக்கால் மணியில் முடியும். இரவில் ஓய்வு நிலையில் விட்டாலே காலைக்குள் இறங்கிவிடுகிறதே, அதற்காக மாதாமாதம் கூடுதலாகக் கட்டுவானேன்?

கேபிள் என்று முடிவானால் 'கேட் 5இ' வகை போதும். 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ், அதாவது 1000 எம்பிபிஎஸ், தாங்கும். உங்கள் கருவியின் லேன் துளைக்கும் அதுதான் உச்சம். தங்கமுலாம் பூசிய 'கேட் 8' கேபிளை எடுத்து நீட்டினால் புன்னகையோடு மறுத்துவிடுங்கள். சுவரோரமாக அளந்து, இரண்டு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். கேபிள் இழுக்க வழியே இல்லையென்றால், கருவியின் நெட்வொர்க் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். நெரிசல் குறைவு, ஆனால் சுவர்களை ஊடுருவும் திறனும் குறைவு.

கேள்வி: நிண்டெண்டோ ஸ்விட்சுக்கும் கேபிள் போடலாமா?

பதில்: போடலாம். 2017இல் வந்த முதல் மாதிரியின் டாக்கில் (ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் தாங்கி) லேன் துளை கிடையாது, யூஎஸ்பி லேன் அடாப்டர் தனியாக வாங்கவேண்டும். 2021இல் வந்த ஓஎல்இடி மாதிரியின் டாக்கில் துளை உண்டு. பழைய ஸ்விட்சை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் டாக்கின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.