மண்ணுக்குள் ஆறு மாதம்

ஜார்ஜிய ஒயின் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். (அமெரிக்க மாநிலம் அல்ல, காகசஸ் மலையடிவாரத்து நாடு.) ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வெள்ளைத் திராட்சையில் செய்தது என்கிறார்கள். பாட்டிலில் பார்த்தால் ஆரஞ்சு நிறம். சாயம் சேர்க்கிறார்களா?

சாயம் இல்லை, தோல். வழக்கமான வெள்ளை ஒயினுக்குத் தோலையும் விதையையும் நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விடுவார்கள். கிழக்கு ஜார்ஜியாவின் காகேத்தியில் அப்படியில்லை. மிதித்த திராட்சையைத் தோல், விதை, சில சமயம் காம்போடும் சேர்த்து 'க்வெவ்ரி' என்ற பெரிய தாழியில் கொட்டுகிறார்கள். தாழி வாய்வரை மண்ணில் புதைந்திருக்கும். திராட்சையோடு வந்த ஈஸ்டே நொதிப்பைத் தொடங்கிவைக்கும். பொங்கி மேலே வரும் தோலை நாளுக்குச் சில முறை கோலால் அமுக்குவார்கள். பொங்கல் அடங்கியதும் வாயை மூடிவிட்டு, ஐந்தாறு மாதம் கழித்து வசந்தத்தில்தான் திறப்பார்கள்.

தாழியின் அடி கூம்பியிருப்பது அழகுக்காக அல்ல. விதைகள் முதலில் கூம்புக்குள் இறங்கிவிடும். அவற்றின்மேல் வண்டலும் தோலும் படிந்து மூடிவிடும். அதனால் விதையின் கசப்பு ஒயினில் அதிகம் சேராது. சுற்றியுள்ள மண் சூட்டை ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. குளிரூட்டியும் வடிகட்டியும் செய்கிற வேலையில் பெரும்பகுதியை ஒரு பானையின் வடிவமே பார்த்துக்கொள்கிறது. இயற்கை ஒயின் (முடிந்தவரை எதையும் சேர்க்காமல் செய்வது) பிரியர்கள் மயங்குவது இதில்தான் என்பது என் கட்சி. பழமை அப்புறம்தான்.

கேள்வி: 8,000 வருடம் என்பதெல்லாம் விளம்பரம்தானே?

பாதி. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோரா, ஷுலாவெரிஸ் கோரா என்ற புதிய கற்கால மேடுகளில் கிடைத்த பானைத் துண்டுகளில் ஒயினின் வேதித்தடயம் இருப்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. காலம் சுமார் கி.மு. 6000. ஆனால் அவை இன்றைய க்வெவ்ரிகள் அல்ல. ஒயின் அவ்வளவு பழையது, தாழி அதற்குப் பிந்தியது. க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது 2013இல்.

கேள்வி: மண்வாசனை அடிக்காதா?

அடிக்காது. உள்ளே தேன்மெழுகு பூசியிருப்பார்கள். வேண்டாத வாடை வந்தால் தாழியைச் சரியாகக் கழுவவில்லை என்று சந்தேகப்படலாம். இந்தத் தொழிலில் பாதி கழுவுவதுதான்.

கேள்வி: ர்காட்சிதெலி ஒன்று வாங்கினேன். கடுந்தேநீர் போல ஒரே துவர்ப்பு. கெட்டுவிட்டதா?

ர்காட்சிதெலி ஒரு வெள்ளைத் திராட்சை வகை. தோலோடு தாழியில் ஊறினால் துவர்ப்பு அதன் இயல்பு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்திருப்பீர்கள், குளிர் துவர்ப்பைக் கூட்டும். 13, 14 டிகிரியில் குடித்துப்பாருங்கள், வெறும் வாயில் வேண்டாம். ஜார்ஜியர்கள் வால்நட் விழுது வைத்த கத்திரிக்காய், சீஸ், கறி என்று சேர்த்துக்கொள்வார்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் மேற்கே இமெரெத்தி ஒயினுக்குப் போங்கள். அங்கே தோலைக் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள், ட்சிட்ஸ்கா, ட்சொலிகௌரி போன்ற அங்கத்திய திராட்சை வகைகளின் ஒயின் எல்லாம் மென்மையானவை.

வினிகர் நெடியோ நெயில் பாலிஷ் நெடியோ வந்தால் கதை வேறு. "இயற்கை ஒயின் அப்படித்தான் இருக்கும் சார்" என்று ஒரு கடைக்காரர் என்னிடமே சொல்லியிருக்கிறார். இருக்காது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஜார்ஜிய ஒயின் எல்லாமே இப்படித்தானா?

இல்லவே இல்லை. பெரும்பகுதி ஆலைகளில், எஃகுத் தொட்டிகளில் தயாராவது. சோவியத் காலத்தில் அளவுதான் முக்கியம், குடும்பங்கள் தங்கள் தேவைக்கு வீட்டுத் தாழியில் செய்துகொண்டன. 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினைத் தடை செய்தது, 2013 வரை நீடித்தது. வேறு சந்தை தேடியாக வேண்டிய நிலையில் தாழி ஒயினுக்கு மேற்கு நாடுகளில் மதிப்பு வந்தது. அதற்கு முன்பே, 2000இல், இத்தாலிய ஒயின் தயாரிப்பாளர் யோஸ்கோ கிராவ்னர் ஜார்ஜியா போய்ப் பார்த்து, அடுத்த ஆண்டிலிருந்து தாழிக்கே மாறியிருந்தார்.

லேபிளில் 'க்வெவ்ரி' என்று இருக்கிறதா பாருங்கள். அது பாத்திரத்துக்குத்தான் உத்தரவாதம். ஈஸ்டோ, கெடாமலிருக்கப் போடும் சல்ஃபைட்டோ சேர்த்தார்களா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: சல்ஃபைட் சேர்க்காத ஒயினில் தலைவலி வராதாமே?

நொதிக்கும்போதே கொஞ்சம் சல்ஃபைட் தானாக உருவாகும். ஆல்கஹாலும் எங்கேயும் போய்விடவில்லை. ஜார்ஜிய விருந்தில் 'தமதா' எனப்படும் விருந்துத் தலைவர் ஒவ்வொரு வாழ்த்தாகச் சொல்லிக்கொண்டே போவார், மேசையில் இருப்பவர்கள் கோப்பையைக் காலி செய்துகொண்டே இருப்பார்கள். மறுநாள் காலை அவர்களிடம் கேட்டுப்பாருங்கள்.