மொபெட்டிலிருந்து கியர் வண்டிக்கு: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பல ஆண்டுகள் மொபெட்டோ ஸ்கூட்டரோ ஓட்டிவிட்டு இப்போது கியர் வண்டிக்கு லைசன்ஸ் எடுக்க நினைப்பவர்களுடையவை. உங்கள் வயதையும், கையில் உள்ள லைசன்சில் எந்த வகுப்பு குறிக்கப்பட்டுள்ளது என்பதையும் எழுதுங்கள் என்று எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் பாதிப் பேர் எழுதுவதில்லை. அத்தகைய கடிதங்களுக்கு ஊகித்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

இருபது ஆண்டுகளாக எக்ஸ்.எல். மொபெட் ஓட்டுகிறேன். கியர் இல்லாத வண்டிக்கு லைசன்ஸ் உள்ளது. மகன் வாங்கியிருக்கும் கியர் வண்டியை அதே லைசன்சில் ஓட்டலாமா? (குடியாத்தம் வாசகர்)

கூடாது. கியர் இல்லாத வண்டியும் கியர் வண்டியும் சட்டப்படி தனித்தனி வகுப்புகள். கியர் வண்டிக்கு லைசன்ஸ் உள்ளவர் ஸ்கூட்டரை ஓட்டலாம். ஸ்கூட்டருக்கு மட்டும் லைசன்ஸ் உள்ளவர் கியர் வண்டியை ஓட்டக் கூடாது. புதிய வகுப்புக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் லைசன்ஸ்) எடுத்து, 30 நாள் கழிந்த பின், அந்த எல்.எல்.ஆர். காலாவதியாகும் ஆறு மாதத்துக்குள் தேர்வுக்குச் சென்று, இருக்கும் லைசன்சிலேயே அந்த வகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் முடிந்துவிடும். உரிய லைசன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் ஐயாயிரம். விபத்து நேர்ந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும்.

எல்.எல்.ஆர். கையில் உள்ளது. மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ரத்தினகிரி வரை போய் வரலாமா? (ஆற்காடு வாசகர்)

எல்.எல்.ஆர். உள்ளவரின் வண்டியில் பின்னால் உட்காரத் தகுதியுள்ளவர், அந்த வகுப்புக்கு முழு லைசன்ஸ் வைத்திருந்து கற்றுத்தருபவர் மட்டுமே. உங்கள் மனைவியிடம் அந்த லைசன்ஸ் இருந்து, அவரே உங்களுக்குக் கற்றுத்தருகிறார் என்றால் தாராளமாகப் போய் வாருங்கள். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எல் பலகை இருக்க வேண்டும். இருவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் வேண்டும், அதன் பட்டையும் பூட்டியிருக்க வேண்டும்.

கிளட்ச், கியர் எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டன. ஆனால் அண்மையில் கிரீன் சர்க்கிள் அருகே ஓர் ஆட்டோ குறுக்கே வந்தபோது, பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல் மோதும் அளவுக்குப் போய்விட்டது. பிரேக் நன்றாக இருப்பதாக மெக்கானிக் சொல்கிறார். கோளாறு எங்கே? (சத்துவாச்சாரி வாசகர், பத்தாண்டு ஸ்கூட்டர் அனுபவம்)

கோளாறு வண்டியில் இல்லை, உங்கள் இடக்கையில் இருக்கிறது. ஸ்கூட்டரிலும் எக்ஸ்.எல்.லிலும் இடப்பக்க லீவர் பிரேக். கியர் வண்டியில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். ஆட்டோ குறுக்கே வந்த நொடியில், பத்தாண்டு பழகிய கை தானாக இட லீவரை இறுக்கியிருக்கும்; கிளட்ச் பிடிபட்டதும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான தொடர்பு அறுந்து, எஞ்சின் கொடுத்துவந்த சிறு தடையும் போய், வண்டி தன் போக்கில் உருண்டிருக்கும். வலப்பாதம் பிரேக் பெடலைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நொடியாவது ஆகும், 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடிக்குள் வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் போய்விடும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இட லீவரைப் பிடித்தாலே இரு சக்கரமும் சேர்ந்து நிற்பதால், புதிய ஸ்கூட்டர் ஓட்டியவர்களின் இடக்கையில் இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

அடுத்தது, இந்தப் பகுதியில் பல முறை எழுதியது. இன்னும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடித்துவிடும்" என்று சித்தப்பா சொன்னார், மாமா சொன்னார் என்று கடிதத்துக்குக் கடிதம் வருகிறது. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன்சக்கரத்தின் மீது சாய்கின்றன. பின்சக்கரம் எடை குறைந்து, பிடிமானத்தையும் இழக்கிறது. அந்த நிலையில் பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும். நிற்பதற்குத் தேவைப்படும் தூரமும் ஏறத்தாழ இரு மடங்காகும். தூக்கி அடிப்பது முன் பிரேக்கின் குணமன்று. அதைச் சட்டென்று பிடுங்கி இழுப்பதும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது இழுப்பதும், மணல் மீது இழுப்பதுமே ஆளைக் கீழே தள்ளுகின்றன.

இந்த அச்சத்தைப் போக்க வேண்டிய பயிற்சிப் பள்ளிக்காரர்களே அதை வளர்க்கிறார்கள் என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம். பயிற்சி வண்டியின் முன் பிரேக் கேபிளை வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். லீவரை இழுத்தால் அது ஹேண்டில்பாரையே தொட்டுவிடும், சக்கரமோ சுற்றிக்கொண்டே இருக்கும். கற்க வருபவர் பயந்துவிடக் கூடாதாம்! பணத்தை வாங்கிக்கொண்டு லைசன்ஸ் தேர்வுக்காக முதல் கியரில் எட்டு போட (எட்டு வடிவில் வளைத்து ஓட்ட) மட்டும் பழக்கி அனுப்பிவிடுகிறார்கள். மூன்றாம் கியரில் ஒரு முறைகூட அவசர பிரேக் பிடித்துப் பார்க்காத அந்த மனிதர், மறுநாளே கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறுகிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மணல் இல்லாத, ஆள் நடமாட்டம் இல்லாத தார்த்தரையைத் தேர்ந்தெடுத்து, 20 கி.மீ. வேகத்தில் தொடங்குங்கள். வண்டி நேராக இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, வலக்கையின் இரண்டு விரலால் முன் லீவரை முதலில் மெல்லத் தொட்டு, எடை முன்னே சாய்வதை உணர்ந்த பின் அழுத்தத்தைக் கூட்டுங்கள். கூடவே பின் பிரேக்கை இலேசாக மிதியுங்கள். கிளட்சை வண்டி நிற்கப்போகும் கடைசிக் கணத்தில் மட்டும் பிடியுங்கள். எஞ்சின் அணைந்தால் அணையட்டும், அதனால் யாருக்கும் அடிபடுவதில்லை. 30, 40 என்று வேகத்தைக் கூட்டுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டி என்றாலும் இந்தப் பயிற்சி தேவை. முன் லீவரைத் தொடவே அஞ்சும் கைக்கு ஏ.பி.எஸ். எந்த உதவியும் செய்யாது. தினம் பத்து நிமிடம், ஒரு மாதம் செய்யுங்கள். அதுவரை நெடுஞ்சாலை வேண்டாம்.

எட்டு போடும்போது பாதியில் கால் ஊன்றிவிடுகிறேன். ஸ்கூட்டரில் இந்தத் தொல்லை இல்லையே? (இராணிப்பேட்டை வாசகர்)

ஸ்கூட்டரில் கிளட்ச் வேலையை வண்டியே பார்த்துக்கொண்டது. இங்கே நீங்கள் பார்க்க வேண்டும். முதல் கியரில், ஆக்சிலேட்டரைச் சிறிதளவு கொடுத்து அப்படியே நிறுத்தி, வேகத்தை ஹாஃப் கிளட்சாலும் (கிளட்ச் லீவரைப் பாதி மட்டும் விட்டுப் பிடிப்பது) பின் பிரேக்காலும் மட்டும் கட்டுப்படுத்துங்கள். மேலே நான் புகழ்ந்த முன் பிரேக்கை இங்கே தொட வேண்டாம், ஏனெனில் ஹேண்டில் முழுவதும் திரும்பியிருக்கும்போது அதைத் தொட்டால் வண்டி அந்த இடத்திலேயே சாயும். பார்வை முன்சக்கரத்தின் மீதோ கோட்டின் மீதோ இருந்தால் கால் தரைக்குத்தான் போகும். அடுத்த வளைவின் கடைசியைப் பாருங்கள், கழுத்தே திரும்ப வேண்டும்.

எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம்? (பெயர், ஊர், வயது எதுவும் இல்லை)

நாள் குறித்துச் சொல்ல நான் ஜோதிடன் அல்லன்.

ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வயது 34, உயரம் ஐந்தடி ஓரங்குலம், ஸ்கூட்டர் ஓட்டுவேன். புல்லட்டில் நேரடியாகக் கற்கலாமா? (வாலாஜா வாசகி)

கேட்க வேண்டிய விவரங்களை முறையாக எழுதியதற்கு நன்றி. உங்கள் ஸ்கூட்டர் நூறு கிலோவைச் சற்று தாண்டும், 350 சி.சி. புல்லட் இருநூறு கிலோவை நெருங்கும். சீட்டின் உயரமோ 80 செ.மீ. அளவில் இருக்கிறது. ஓடும்போது இந்த எடை தெரியாது. நிறுத்தும்போதும், சரிவில் தள்ளும்போதும், பின்னுக்கு எடுக்கும்போதும் தெரியும். இரு காலும் தரையைத் தொட வேண்டியதில்லை, ஒரு கால் உறுதியாக ஊன்றினால் போதும். ஆனால் எடைதான் சிக்கல். எனவே 110 கிலோ எடையுள்ள, ஸ்பிளெண்டர் போன்ற ஒரு நூறு சி.சி. வண்டியில் கிளட்சைக் கற்று லைசன்ஸ் எடுத்துவிட்டு, பிறகு புல்லட்டுக்குப் போங்கள். லைசன்ஸ் இரண்டுக்கும் ஒன்றே. கியர் விழும் முறை மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: ஸ்பிளெண்டரில் எல்லாக் கியரும் முன்னால் மிதித்தால் விழும், இப்போதைய புல்லட்டில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே.

அப்பாவின் பழைய புல்லட்டில் கியர் வலக்காலில் இருக்கிறது. அதில் கற்கலாமா? (ஆரணி வாசகர்)

வேண்டாம். இடக்கால் கியரில் கற்று முடித்த பிறகு, அப்பாவின் அனுமதியோடு ஓட்டுங்கள்.

ஏலகிரியில் இருந்து இறங்கும்போது ஸ்கூட்டரின் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன அனுபவம் உண்டு. கியர் வண்டியில் எப்படி இறங்குவது? (திருப்பத்தூர் வாசகர்)

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இரண்டாம் கியர் பெரும்பாலும் போதும்; வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டால் போதும். வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கையில் குறைத்துவிடுங்கள். வளைவில் கிளட்சைப் பிடித்து உருள விடுவது, பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவது, எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது ஆகிய மூன்றையும் நம் மலைகளில் தினமும் பார்க்கிறேன். மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டீயின் விலைகூடப் பெறாது. மீண்டும் சொல்கிறேன்: இடக்கையைச் சும்மா இருக்கப் பழக்குங்கள்.

மருமகன் செவிலியராக இங்கிலாந்துக்குப் போயிருக்கிறார். வயது 29. இங்கே பத்தாண்டு 125 சி.சி. ஓட்டியவர். அங்கே பெரிய வண்டி ஓட்ட அந்த அனுபவம் போதாதா? (காட்பாடி வாசகர்)

அனுபவம் சாலையில் உதவும், அலுவலகத்தில் உதவாது. குடியேறிய நாளில் இருந்து 12 மாதம் வரை, நம் லைசன்சில் உள்ள வகுப்பு வண்டியை அவர் அங்கே ஓட்டலாம். அதன் பிறகு புதிதாகத் தொடங்க வேண்டும், ஏனெனில் இந்திய லைசன்சை அங்கே மாற்றித்தர மாட்டார்கள். முதலில் தற்காலிக லைசன்ஸ், பிறகு சி.பி.டி. எனப்படும் அடிப்படைப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, அதன்பின் இரண்டு செய்முறைத் தேர்வுகள். வயது 24 நிரம்பியதால், 600 சி.சி. அளவிலான வண்டியில் நேரடியாகத் தேர்வெழுதி முழு லைசன்ஸ் பெறும் வழி அவருக்குத் திறந்திருக்கிறது. முதல் செய்முறைத் தேர்வில் எட்டும் உண்டு. ஆனால் அதோடு விட மாட்டார்கள், 50 கி.மீ. வேகத்தில் வந்து அவசர பிரேக் பிடித்து நிறுத்திக் காட்டவும் சொல்வார்கள். நம் ஆர்.டி.ஓ. மைதானங்களிலும் இதைக் கேட்கத் தொடங்கினால், தளர்த்திய கேபிள்கள் தாமாக இறுகிவிடும்.

மகனுக்கு 17 வயது, வண்டி நன்றாக ஓட்டுவான். எங்கள் தெருவுக்குள் மட்டும் கியர் வண்டி ஓட்டலாமா? (பேரணாம்பட்டு வாசகர்)

18 நிரம்பாமல் கியர் வண்டிக்கு எல்.எல்.ஆர்.கூடக் கிடையாது. 16 வயதில் கிடைப்பது 50 சி.சி.க்கு உட்பட்ட, கியர் இல்லாத வண்டிக்கான அனுமதி மட்டும். தெரு என்பதும் பொதுச்சாலைதான். சிறுவனிடம் வண்டியைக் கொடுத்து அவன் சிக்கினால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அவனுக்கு 25 வயது வரை லைசன்ஸ் கிடைக்காது. சாவியை எடுத்து உள்ளே வையுங்கள்.

வயது 52. கியர் வண்டி வகுப்பைச் சேர்க்க மருத்துவச் சான்று வேண்டுமா? (அணைக்கட்டு வாசகர்)

40 தாண்டியவர்களுக்கு வேண்டும். பதிவு பெற்ற மருத்துவரிடம் வாங்கி விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுங்கள். உங்கள் பழைய லைசன்ஸ் எப்போது முடிகிறது என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால், புதுப்பிப்பதற்கே மறுபடி தேர்வுக்குப் போக வேண்டியிருக்கும்.