எட்டு ஊர், பத்து இரவு, ஒரு முழங்கால்

கேள்வி: என் கணவர் வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, போன மார்ச்சில் ஓய்வு பெற்றார். எனக்கு வயது 56. மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள். டிசம்பரில் அவளிடம் போகிறோம். ஜனவரியில் எங்கள் இருவரையும் மட்டும் பத்து இரவுக்குக் கோஸ்டா ரிகாவுக்கு அனுப்ப டிக்கெட் எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து இவர் கோடு போட்ட நோட்டும் கையுமாகத் திரிகிறார். பத்து இரவில் எட்டு ஊர்! ‘5.30 எழுதல், 6.15 சிற்றுண்டி’ என்று நிமிடக் கணக்கு. ஓய்வு பெற்றபின் காய்கறி வாங்கப் போவதைக்கூட முந்தின இரவே எழுதி வைக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பயணமெல்லாம் இப்படித்தான். நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்தவர்கள் நாங்கள். எந்தக் கோயிலில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது முழங்கால் வலி வேறு. இவரிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் மகள் வீட்டிலேயே இருந்துகொண்டு, இவரை மட்டும் போய்வரச் சொல்லட்டுமா? நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரி, மகள் வீட்டிலேயே தங்கிவிடும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். நீங்கள் கூட இல்லையென்றால் அவர் எட்டு ஊரைப் பத்தாக்கிவிடுவார்.

நோட்டுப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். முத்து முத்தான கையெழுத்து. நான்காம் நாளில் ‘இரவு 8.00 – எரிமலைக் குழம்பு பார்த்தல்’ என்று ஒரு வரி இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். அரெனால் எரிமலை 1968 ஜூலையில் வெடித்து, அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் புகைந்தும் வழிந்தும் கொண்டிருந்தது உண்மை. 2010-இல் அடங்கிவிட்டது. இரவில் சிவப்பாக நெருப்பு ஒழுகும் படங்களெல்லாம் அதற்கு முன்னால் எடுத்தவை. இன்றைக்கு இரவு எட்டு மணிக்கு அங்கே போய் நின்றால் இருட்டையும் தவளைச் சத்தத்தையும் தவிர வேறொன்றும் கிடைக்காது. பகலில்கூட மலை மேகத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவரும் மூன்று நாள் அதன் அடிவாரத்தில் இருந்தோம். உச்சி தெரிந்தது ஒரே ஒரு காலை, இருபது நிமிடம்.

இரண்டாம் நாளில் டோர்ட்டுகேரோ கடற்கரையில் ஆமை முட்டையிடுவதைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறார். அங்கே பச்சை ஆமைகள் கூட்டமாகக் கரையேறுவது ஜூலை முதல் அக்டோபர் வரை. ஜனவரியில் அந்தக் கரீபியக் கரையில் குடையோடுதான் நிற்க வேண்டியிருக்கும். ஜனவரியில் ஆமை பார்த்தே தீர வேண்டுமென்றால் சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமை வருகிறதே, அதற்கு விசா எதற்கு?

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த நாட்டின் வரைபடம் யாரையும் ஏமாற்றும். மொத்தப் பரப்பு 51,100 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. ‘எல்லாம் பக்கம் பக்கம்தான்’ என்று தோன்றிவிடும். ஆனால் நடுவில் முதுகெலும்பு மாதிரி மலைத்தொடர் ஓடுகிறது. எரிமலைக்குக் கீழே இருக்கும் லா ஃபோர்ட்டுனா ஊருக்கும் மான்டெவெர்டே மேகக் காட்டுக்கும் வரைபடத்தில் ஒரு விரல் அகலம்தான். குறுக்கே அரெனால் ஏரி கிடக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு, குழியும் வளைவுமான மலைப்பாதையில் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரம் போய்விடும். டோர்ட்டுகேரோவுக்குச் சாலையே கிடையாது. படகு அல்லது சிறு விமானம். கோர்கோவாடோ காடு தென்மேற்கு மூலை, புவேர்ட்டோ வியேஹோ தென்கிழக்கு மூலை. அவர் இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் போட்டிருக்கிறார். போதாததற்கு ஜனவரியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஆறு மணிக்கு மலைப்பாதை கும்மிருட்டு.

எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கிக்காரரிடம் ‘எனக்குக் களைப்பாக இருக்கிறது’ என்று சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குக் கூட்டுத்தொகை தெரிய வேண்டும். நோட்டில் வலது ஓரம் இன்னொரு கோடு போடச் சொல்லுங்கள். தலைப்பு, ‘வண்டியில் எத்தனை மணி’. ஒவ்வொரு ஊருக்கும் அவரே தேடிக் கண்டுபிடித்து எழுதி, அவரே கூட்டட்டும். நான் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன், நாற்பது மணி நேரத்தைத் தொடுகிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஐந்து தடவை பஸ்ஸில் போவதற்குச் சமம். அந்தத் தொகையை அடிக்கோடிட்டு அவர் நிமிரும்போது நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். காபி கொண்டுபோய் வையுங்கள்.

அடுத்து என்ன வெட்டுவது என்ற பேச்சு தானாக வரும். டோர்ட்டுகேரோ, கோர்கோவாடோ, புவேர்ட்டோ வியேஹோ மூன்றையும் தயங்காமல் வெட்டலாம். ரியோ செலெஸ்தே ஆற்றின் நீலம் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் சேற்றுப் பாதையில் ஏறி இறங்கும் நடை. உங்கள் முழங்கால் வேண்டாம் என்கிறது. மிஞ்சுவது லா ஃபோர்ட்டுனா நான்கு இரவு, மான்டெவெர்டே இரண்டு, பசிபிக் கரையில் மனுவேல் அன்டோனியோ மூன்று. ஊர் திரும்புவதற்கு முந்தின இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலைநகர் சான் ஹோசேயில் பார்ப்பதற்கென்று தனியாக நாள் ஒதுக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு வேடிக்கை மட்டும் சொல்கிறேன்: மதுரையும் சான் ஹோசேயும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. அது 1,100 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே ஜனவரி காலையில் சால்வை தேடுவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

லா ஃபோர்ட்டுனாவில் நீங்கள் இருவரும் காலை வேளையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அருவிக்கு இறங்க ஏறக்குறைய 500 படி. இறங்கிய அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். அது அவருக்கு. அவர் படி எண்ணிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வெந்நீர் ஊற்றில் கால் நீட்டி உட்காருங்கள். வெடிப்பு அடங்கினாலும் பூமிக்கடியில் சூடு அடங்கவில்லை. ஆறே வெந்நீராக ஓடுகிறது. மூட்டு வலிக்கு நல்லதா என்று மருத்துவரைக் கேளுங்கள். மனதுக்கு நல்லது என்று நான் சொல்வேன்.

நான்கு இரவு அங்கேயே எதற்கு என்று அவர் கேட்பார். ஸ்லாத் என்ற பிராணிக்காக என்று சொல்லுங்கள். மரக்கிளையில் தலைகீழாகத் தொங்குமே, அந்தச் சோம்பேறிதான். நாங்கள் ஒரு வழிகாட்டியோடு போனோம். அவர் முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி, ‘பாருங்கள்’ என்றார். கிளையிடுக்கில் பழைய மிதியடி ஒன்று சிக்கியிருப்பது போலத் தெரிந்தது. கண்ணை எடுக்காமல் இருந்தேன். மிதியடியிலிருந்து ஒரு கை கழன்றது. மூன்று வளைந்த நகங்கள். அந்தக் கை அடுத்த கிளையைத் தொடுவதற்குள் பக்கத்தில் நின்ற அமெரிக்கக் குடும்பம் பார்த்து முடித்துக் கிளம்பிவிட்டது. ரோமத்தில் பச்சை ஏறியிருந்தது. அது பாசி, அதன் மேலேயே வளர்வது. வாரத்துக்கு ஒருமுறை போல்தான் மலம் கழிக்க மரத்தைவிட்டு இறங்குமாம். என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி தொலைநோக்கியில் குனிந்தார். அடுத்த முக்கால் மணி நேரம் அவரை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. மதியச் சாப்பாடு போயிற்று. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் 10,000 கொலோன் நோட்டில் அந்தப் பிராணியைத்தான் அச்சடித்திருக்கிறார்கள் என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். ரூபாய் நோட்டு எண்ணிப் பழகியவர், ரசிப்பார்.

மான்டெவெர்டேக்கு ஏரியைச் சுற்றிப் போகாமல், வேன், படகு, மறுபடி வேன் என்று மாறிப் போகும் ஏற்பாட்டைத் தங்குமிடத்திலேயே செய்து தருவார்கள். நேரம் பெரிதாக மிச்சமாகாது, ஆனால் ஒரு பகுதி ஏரி மேல் கழியும், இடுப்பு தப்பிக்கும். அந்த மலையூரின் கதை அழகானது. கோஸ்டா ரிகா 1948-இல் தன் ராணுவத்தைக் கலைத்துவிட்டது. அந்தச் சமயம் அமெரிக்காவின் அலபாமாவில் போருக்குப் போகமாட்டோம் என்று மறுத்து, அதற்காகச் சிலர் சிறைக்கும் போன குவேக்கர் சமயத்தினர், ராணுவமில்லாத நாடு தேடி 1951-இல் இங்கே வந்து குடியேறினார்கள். மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்து பிழைத்தார்கள். தண்ணீர் ஊறும் உச்சிக் காட்டை மட்டும் வெட்டாமல் விட்டார்கள். இன்று நாம் பார்க்கப் போகும் காட்டுக்கு அதுதான் தொடக்கம். ஜனவரியில் அங்கே காற்று பலமாக அடிக்கும். தூறல் மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து முகத்தில் அறையும். ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் கட்டாயம். கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு காட்டின் மேல் பறக்கும் விளையாட்டை அவர் ஆசைப்பட்டால் விளையாடட்டும். நீங்கள் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணம் கட்டிய இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் ஹம்மிங் பறவைகள் காதோரம் வந்து மோட்டார் போல் இரையும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், சோறு உண்டு. காலையிலேயே சோறும் கருப்பு பீன்ஸும் கிளறிய காயோ பிண்டோ வைப்பார்கள். மதியம் கசாடோ: சோறு, பீன்ஸ், வாழைப்பழ வறுவல், ஒரு பொரியல், கூட மீனோ இறைச்சியோ. கசாடோ என்றால் கல்யாணமானவர் என்று பொருள்! பொரியலில் உங்களுக்கு மிகவும் தெரிந்த காய் வரும். சௌசௌ. அது அந்தப் பக்கத்திலிருந்துதான் நம் ஊருக்கே வந்தது. ‘சோடா’ என்ற பலகை மாட்டிய சின்னக் கடைகளில் சாப்பிடுங்கள். அது குளிர்பானக் கடையல்ல, நம் மெஸ் மாதிரி. சைவமானால் ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம், என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேர்ந்துவிடக்கூடும். ‘சோய் வெகெதாரியானா’ என்று சொல்லிவிட்டு, பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

காரை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டுவதாக நோட்டில் இருக்கிறது. வேண்டாம். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது ஒருபுறம். நாங்கள் எடுத்தபோது, இணையத்தில் பார்த்த வாடகை, கவுண்டரில் கட்டாயக் காப்பீட்டைச் சேர்த்ததும் இரண்டு மடங்காகிவிட்டது. அந்தக் காப்பீடு நாட்டின் சட்டம், பேரம் பேச முடியாது. அன்று மாலை வரை நானும் என் கணவரும் பேசிக்கொள்ளவில்லை. ஊருக்கு ஊர் பகிர்ந்து போகும் வேன்கள் இருக்கின்றன, அவை போதும். விசாவுக்கு, பலமுறை நுழையும் அமெரிக்க விசா கையில் இருந்தால் கோஸ்டா ரிகா இந்தியர்களிடம் தனி விசா கேட்பதில்லை. விதி எப்போது வேண்டுமானாலும் மாறும், கிளம்புமுன் புது தில்லியிலுள்ள அவர்கள் தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஊர்க்கணக்கு. காய்கறி வாங்குவதைக்கூட எழுதி வைக்கிறார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அங்கேதான் எனக்கு நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருடம் பத்து மணிக்குக் கதவு திறந்து, மாலையில் கணக்கு நேராகாமல் வீடு திரும்பாத மனிதருக்கு, மார்ச்சிலிருந்து எந்த நாளும் நேராகாமல் கிடக்கிறது. எட்டு ஊர் அவருக்குக் கோஸ்டா ரிகா மேல் வந்த ஆசையாக எனக்குத் தெரியவில்லை. மகளும் இல்லாமல், வேலையும் இல்லாமல், உங்களோடு மட்டும் பத்து நாள் என்றதும் மனிதர் கொஞ்சம் பயந்துபோயிருக்கிறார். இதை அவரிடம் சொல்லாதீர்கள், மறுப்பார். நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

உங்களிடமும் ஒரு கேள்வி. முழங்கால் வலியைப் பற்றி எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரியைத் தேடினேன், இல்லை. நவக்கிரகக் கோயில்களுக்குப் புறப்பட்ட அன்று ‘ஒன்பது வேண்டாம், மூன்று போதும்’ என்று நீங்கள் சொல்லி அவர் கேட்கவில்லையா, அல்லது ‘உங்கள் இஷ்டம்’ என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினீர்களா? அந்த நோட்டில் உங்கள் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை. இன்றிரவே பேனாவை வாங்கி உங்கள் வரியை எழுதுங்கள். என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால், அதைக் கண்டுபிடிக்க டிசம்பர் வரை நேரமிருக்கிறது.

கடைசியாக மனுவேல் அன்டோனியோ. சின்னத் தேசியப் பூங்கா. காட்டுக்குள் பலகை பாவிய சமதளப் பாதை, அதன் முடிவில் கடற்கரை. உங்கள் முழங்காலுக்கு ஏற்ற இடம். வாசலில் டிக்கெட் தரமாட்டார்கள், முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். தின்பண்டம் உள்ளே அனுமதி இல்லை, ஏனென்றால் அங்கேயுள்ள வெள்ளைமுகக் குரங்குகள் நம் அழகர்கோவில் குரங்குகளுக்கு எந்த வகையிலும் இளைத்தவையல்ல. பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எல்லோரும் அந்தக் கிழமையைத் தவிர்த்துத்தான் திட்டம் போடுவார்கள். நீங்கள் மகளிடம் சொல்லி, மூன்று இரவுக்கு நடுவில் ஒரு செவ்வாய் வரும்படி அறை போடச் சொல்லுங்கள். நோட்டில் அந்தத் தேதிக்கு வந்ததும் அவர் பேனாவோடு நிமிர்ந்து ‘அன்றைக்கு என்ன எழுதுவது?’ என்று கேட்பார். பூங்கா மூடியிருக்கிறது என்று சொல்லுங்கள்.