மூன்றாம் வகுப்புக்கு முதன்முறையாகக் கணக்கு எடுக்கப் போகிறேன். பிள்ளைகள் வாழ்க்கைக் கணக்குகளைத் தாமாக யோசித்துப் போட, ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுப்பறையை எப்படித் தயார் செய்வது?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: பிள்ளைகள் கூட்டல், கழித்தல் எல்லாம் நன்றாகவே போடுகிறார்கள், அதையே மூன்று வரி வாக்கியமாகக் கொடுத்தால் "கூட்டணுமா, கழிக்கணுமா மிஸ்?" என்று கேட்டு நிற்கிறார்கள்.

பல ஆண்டுகளாகத் தொடக்க வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்து வருகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. அப்படிக் கேட்கும் பிள்ளைக்குக் கணக்கிடத் தெரியும். கணக்குக்குள் என்ன நடக்கிறது என்று நின்று பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. அறையை ஒழுங்கு செய்வதிலிருந்து முதல் மாதப் பாடம் வரை எல்லாவற்றையும் அந்தப் பழக்கத்துக்காகத் திட்டமிடுங்கள் என்பதுதான் என் பதில்.

1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் இரண்டாம், மூன்றாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: 'ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?' 97 பேரில் 76 பேர் அந்த இரண்டு எண்களை வைத்து ஏதோ ஒரு விடை எழுதிவிட்டார்கள். அவர்கள் மந்தமான பிள்ளைகள் இல்லை. கணக்கு என்று ஒன்றைக் கொடுத்தால் அதற்கு விடை இருந்தே தீரும், கொடுத்த எண்கள் எல்லாவற்றையும் பயன்படுத்தியாக வேண்டும் என்று வகுப்பறை அவர்களுக்குச் சொல்லாமலே கற்றுக் கொடுத்திருந்தது.

வயது ஏறினால் இது தானாகச் சரியாகிவிடும் என்றும் நம்ப முடியாது. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு வந்தது. 1128 படைவீரர்களை ஏற்றிச் செல்ல வேண்டும், ஒரு பேருந்தில் 36 பேர் போகலாம் என்றால் எத்தனை பேருந்துகள் தேவை? சுமார் 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்று விடை சொன்னவர்கள் 23 விழுக்காடுதான். 29 விழுக்காட்டினர் '31, மீதி 12' என்று எழுதினார்கள். அந்த 12 பேர் எதில் போவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அதனால் புது வகுப்பறைக்குள் போனதும் முதல் வேலையாகச் சுவரைப் பாருங்கள். "மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு" என்று ஒரு அட்டை தொங்கினால் கழற்றி வைத்துவிடுங்கள். நல்ல எண்ணத்தில் மாட்டியதாகத்தான் இருக்கும். ஆனால் முழு வாக்கியத்தையும் படிக்காமல் ஒரே ஒரு சொல்லைத் தேடும்படி அது பிள்ளையைப் பழக்கிவிடும். இந்தக் கணக்கைப் பாருங்கள்: 'மலரிடம் 12 மணிகள் உள்ளன. இது கதிரிடம் இருப்பதைவிட 4 அதிகம். கதிரிடம் எத்தனை மணிகள்?' அட்டையை நம்பிய பிள்ளை 16 என்று எழுதும். விடை 8. இன்னொன்று: 'கதிர் தன் மணிகளில் 5-ஐத் தங்கைக்குக் கொடுத்தான். மீதி 9 இருக்கிறது. முதலில் எத்தனை வைத்திருந்தான்?' மீதி என்ற சொல் இருக்கிறது, ஆனால் கூட்ட வேண்டும்.

விடுமுறையில் உங்களுக்கு நேரம் இருந்தால் அலங்கார வேலையைக் குறைத்துக்கொண்டு ஒரு நோட்டில் கணக்குகளைச் சேர்த்து வையுங்கள். கூட்டல், கழித்தல் கணக்குகளுக்கு அடியில் இருக்கும் நிலைமைகள் நான்குதான்: ஒன்றோடு ஒன்று வந்து சேர்வது, ஒன்றிலிருந்து பிரிந்து போவது, ஒரு முழுமைக்குள் இரண்டு பகுதிகள் இருப்பது, இரண்டை ஒப்பிடுவது. இவை ஒவ்வொன்றிலும் தெரியாத எண் வேறு வேறு இடத்தில் இருக்கலாம். 8 + 5 = □ என்பதற்கும், 8 + □ = 13 என்பதற்கும், □ + 5 = 13 என்பதற்கும் எண்கள் ஒன்றுதான், ஆனால் பிள்ளைக்கு அவை மூன்றும் வேறு வேறு கணக்குகள். மூன்றாவது வகைதான் மிகவும் கடினம், ஏனென்றால் கதை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. பாடப்புத்தகத்தை ஒருமுறை இந்தக் கண்ணோடு புரட்டுங்கள். எந்த வகை நிறைய இருக்கிறது, எது ஒன்றிரண்டோடு நின்றுவிடுகிறது என்று தெரியும். குறைகிற வகைகளை நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் கைகொடுக்கும் தயாரிப்பு இது.

இனி முதல் சில வாரங்கள். எண்களே இல்லாத கணக்கோடு தொடங்குங்கள். கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்: 'ஒரு பெட்டியில் சில பென்சில்கள் இருந்தன. மலர் அதிலிருந்து சில பென்சில்களை எடுத்துக்கொண்டாள்.' அவ்வளவுதான். கேள்வியும் கிடையாது. "என்ன நடந்தது, உன் சொல்லில் சொல்" என்று கேளுங்கள். பெட்டியில் இப்போது கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? பெட்டி காலியாகியிருக்க முடியுமா? மலர் எடுத்தது, பெட்டியில் முன்பு இருந்ததைவிட அதிகமாக இருக்க முடியுமா? பிடித்துக்கொள்ள எண் எதுவும் இல்லாததால் பிள்ளைகள் கதைக்குள் போயே தீர வேண்டும். வழக்கமாகக் கணக்கு என்றாலே ஒதுங்கும் பிள்ளைகள்தான் இதில் முதலில் வாய் திறப்பார்கள். எந்த வகுப்பிலும் இதைக் கண்டிருக்கிறேன். பிறகு ஒரு எண்ணைக் கொடுங்கள்: பெட்டியில் 24 இருந்தன. இப்போது என்ன சொல்ல முடியும்? பிறகு இரண்டாவது எண். கடைசியில் "இதிலிருந்து என்ன கேள்வி கேட்கலாம்?" என்று அவர்களிடமே விட்டுவிடுங்கள். இந்தப் பயிற்சிக்கு நேரம் கிடைக்குமென்றால் முதல் மாதத்தில் வேறு எதை வேண்டுமானாலும் நான் தள்ளி வைப்பேன்.

அடுத்தது படம். ஒரு சின்ன எச்சரிக்கை: பென்சில் கணக்கு என்றால் பென்சிலை அழகாக வரைந்து வண்ணம் தீட்ட உட்கார்ந்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது பட்டைகள்தான். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களிலிருந்து பயன்படுத்தும் பட்டைப்பட முறை இதற்கு மிகவும் ஏற்றது. மலர்-கதிர் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பட்டைகள், இடது ஓரம் நேராக. யாருடைய பட்டை நீளம்? பேனாவை நகர்த்துவதற்கு முன் பிள்ளை இதை முடிவு செய்தாக வேண்டும். மலருடையது நீளம், அதன் மேல் 12. கதிருடையது குட்டை, குறைகிற துண்டின் மேல் 4. இப்போது "கூட்டணுமா, கழிக்கணுமா" என்ற கேள்வியே வராது. பட்டைக்கு முன்னால் சில நாள் உண்மையான மணிகளையும் குச்சிகளையும் வைத்து அதே கதையைச் செய்து பார்ப்பது நல்லது. முதலில் கையில் பொருள், பிறகு படம், பிறகு எண்ணும் குறியும் என்ற இந்த வரிசையை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களிலேயே விளக்கியிருக்கிறார். மூன்றாம் வகுப்பு வந்துவிட்டதே, இன்னுமா குச்சி என்று யாராவது கேட்டால் கவலைப்படாதீர்கள். தேவையில்லாத பிள்ளை குச்சியைத் தானாகவே தள்ளி வைத்துவிடும்.

கணிதர் ஜார்ஜ் போல்யா 1945இல் சொன்ன நான்கு படிகளை ஆசிரியப் பயிற்சியில் நீங்களும் படித்திருக்கலாம்: கணக்கைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, செய், திரும்பிப் பார். அதை அட்டையாக எழுதி ஒட்டினால் மட்டும் ஒன்றும் நடக்காது. வகுப்பு நேரம் முழுவதும் மூன்றாவது படிக்கே போய்விடுவதுதான் சிக்கல். நான் செய்வது, நேரத்தைப் பிரித்து வைப்பது. ஒரு கணக்குக்கு அரை மணி என்றால், பேனாவைத் தொடாமல் பேசுவதற்கு முதல் பத்து நிமிடம், விடை வந்த பிறகு "இது நடக்கக்கூடிய விடையா?" என்று பார்ப்பதற்குக் கடைசிப் பத்து நிமிடம்.

அறை விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவரோடு மெதுவாகப் பேச வசதியாக இருவர் இருவராக உட்கார வையுங்கள். மணிகள், பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள், எண்கோடு, சின்ன சிலேட்டுகள் எல்லாம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த பெட்டிகளில் இருக்கட்டும். பூட்டிய அலமாரியில் இருக்கும் பொருளால் யாருக்கும் பயன் இல்லை. சுவரைப் பெரும்பாலும் வெறுமையாக விடுங்கள். மழலையர் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 2014இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், படங்களும் அட்டைகளும் நிறைந்த அறையில் இருந்தபோது அவர்களின் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைந்தது. அந்தக் காலி இடத்தில் ஆண்டு நகர நகரப் பிள்ளைகள் போட்ட கணக்குகளே ஏறட்டும்.

முதல் வாரத்தில் எழுத்துத் தேர்வு வைத்து நிலையை அறியப் பார்க்காதீர்கள். மற்றவர்கள் வேறு வேலையில் இருக்கும்போது ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். 16 மணிகளை வைத்து எண்ணச் சொல்லுங்கள், 16 என்று எழுதச் சொல்லுங்கள். 6-ஐச் சுட்டி, "இது இந்த மணிகளில் எவ்வளவு?" என்று கேளுங்கள், ஆறு மணிகளைக் காட்டும். அடுத்து 1-ஐச் சுட்டிக் கேளுங்கள். பல பிள்ளைகள் ஒரே ஒரு மணியைத்தான் காட்டுவார்கள். இட மதிப்பு அட்டவணையைப் பிழையில்லாமல் நிரப்பும் பிள்ளையும்கூட அப்படிக் காட்டலாம். அந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிப்பது வெறும் சடங்குதான். அதோடு ஒரு சின்ன வாழ்க்கைக் கணக்கை அதுவே படிக்கச் சொல்லுங்கள், பிறகு நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் படித்ததும் விடை சொல்லிவிட்டால் அதற்குத் தடை வாசிப்பில் இருக்கிறது. அதைக் கணக்கு வராத பிள்ளை என்று ஒதுக்குவது பெரிய அநியாயம்.

கேள்வி கேட்டதும் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் விடைக்காகக் காத்திருந்தார்கள். மூன்று விநாடி காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, அதிகம் பேர் பேசினார்கள். கை தூக்கும் முதல் பிள்ளையை உடனே கூப்பிட்டால் மற்றவர்களின் யோசனை அங்கேயே நின்றுவிடும். முடித்தவர்கள் நெஞ்சருகே கட்டைவிரலைக் காட்டினால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு, ஒரு விடைக்குப் பல வழிகளைக் கேட்டு வாங்குங்கள். 43 - 17 என்று வந்தால் ஒருவர் 20-ஐக் கழித்து 23, மூன்று அதிகமாக எடுத்துவிட்டேன், ஆகவே 26 என்பார். இன்னொருவர் 17-லிருந்து 20-க்கு 3, 40-க்கு 20, 43-க்கு 3 என்று ஏறிப் போவார். இன்னொருவர் குச்சிக் கட்டைப் பிரிப்பார். குச்சி வைத்தவரை முதலில் பேச விடுங்கள், எண்ணால் செய்தவரைப் பிறகு. அப்போதுதான் எல்லாருக்கும் பின்தொடர முடியும். தவறான விடை வந்தால் முகத்தை மாற்றாமல் "எப்படி வந்தது?" என்று கேளுங்கள், சரியான விடைக்கும் அதே குரலில் அதையே கேளுங்கள். தவறுக்கு மட்டும் காரணம் கேட்டால், கேட்டவுடனேயே பிள்ளை விடையை அழித்துவிடும்.

வாய்ப்பாடு வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். 7 × 8-க்காக நின்று திணறும் பிள்ளைக்குக் கதையை யோசிக்கத் தெம்பு மிஞ்சாது. ஆனால் கடிகாரத்தை வைத்து வேகப் போட்டி நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. 7 × 4 = 28, அதன் இரட்டிப்பு 56 என்று பிடித்து வரக் கற்ற பிள்ளை மறந்தாலும் மீட்டுக்கொள்ளும்.

பெற்றோரிடம் முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கணக்குகள்தான் வீட்டுக்கு வரும், அவற்றைப் படத்தோடு செய்ய வேண்டும் என்று சொன்னால் சிலருக்கு "இவ்வளவுதானா?" என்று இருக்கும். வீட்டில் அவர்கள் கூட்டு, கழி என்று சொல்லிக் கொடுக்காமல் மூன்று கேள்விகள் மட்டும் கேட்டால் போதும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்: இந்தக் கணக்கில் என்ன நடக்கிறது? என்ன கேட்கிறார்கள்? நீ சொன்ன விடையைக் கதையில் வைத்துப் பார்த்தால் பொருந்துகிறதா?