ஆடும் சப்பாத்து ரேக்: ஸ்க்ரூவைக் கூட்டாதீங்க

வணக்கம். லயத்து வீட்டு வாசலுக்கு ரப்பர் மரப் பலகையில் நீங்க செய்த மூன்றடி சப்பாத்து ரேக் பக்கவாட்டில் ஆடுது, காலின் அடிப்பக்கம் கறுக்குதுன்னு கேட்டிருந்தீங்க.

இன்னும் நாலு ஸ்க்ரூ போட்டாலும் ஆட்டம் நிற்காது. தட்டின் முனையில் நார் ஓடும் திசையிலேயே இறங்கும் ஸ்க்ரூவுக்குப் பிடிப்பு குறைவு. பின்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்றாக 3 அங்குல அகலப் பலகைத் துண்டைக் குறுக்கே வைங்க. பசை தடவி, ஒவ்வொரு முனையிலும் 40 மி.மீ. ஸ்க்ரூ இரண்டு, ஒரே நார்க்கோட்டில் விழாமல் சற்றே விலக்கி. 8ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு முதலில் 3 மி.மீ. துளை போடணும், அவசரப்பட்டு நேரே முறுக்கினால் பலகை முனை பிளக்கும். முறுக்குமுன் இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று டேப் பிடிச்சுப் பாருங்க.

கறுப்பு, பூஞ்சணம். சிமெண்டுத் தரை ஈரம் காலின் வெட்டுமுகம் வழியே மேலேறும். ரப்பர் மரம் அதைத் தாங்காது. நாலு காலிலும் சமமாக அரை அங்குலம் அறுத்து, நன்றாகக் காயவிட்டு, வெட்டுமுகத்தில் எப்பாக்ஸி இரண்டு பூச்சு, அடியில் ரப்பர் குமிழ். பக்கத்தில் மட்டும் வார்னிஷ் அடிப்பது வீண் செலவு. சாரல் நேரே அடிக்கிற வாசல்னா ரேக்கை உள்ளே தள்ளிடுங்க.